சொல் பிரிக்கும் நிரல்

"இதுதான் அவ செஞ்சதா?" என்று கேட்டபடி பழனியாண்டி கணினிக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தார்.

என் தோழி நிரோஷாவின் அப்பா. ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து கெம்பஸுக்கு வந்திருந்தார். பாதையில் பாதி இன்னும் மண் மூடிக் கிடக்கிறது. கொஞ்சம் நடை, கொஞ்சம் லொறி, கண்டியிலிருந்து பஸ்.

மகளின் விடுதி அறைச் சாமான்களை எடுத்துப்போகத்தான் அவரை வரச் சொல்லியிருந்தார்கள். அவர் ஒன்றையும் தொடவில்லை. மிசினுக்குத் தமிழ் வாசிக்கப் பழக்குவதாக அவள் போனில் சொல்வாளாம். அதை மட்டும் பார்க்க வேண்டும் என்றார்.

நானும் நிரோஷாவும் பாடத்துக்காகச் சேர்ந்து செய்த ஒப்படை அது. தமிழிலேயே கட்டளை எழுதும் ஒரு சின்னக் கணினி மொழி. அதில் முதல் படி, எழுதியதை எழுத்தெழுத்தாக வாசித்து, சொல் சொல்லாக வெட்டி, இது கட்டளை, இது எண், இது பெயர் என்று பிரிப்பது. சுளகில் அரிசி புடைக்கிற மாதிரி என்று நினைத்துத்தான் தொடங்கினோம். விழி பிதுங்கிவிட்டது.

எண்களும் குறிகளும் என் பங்கு. பெயர்கள் அவள் பங்கு.

ஆரம்பத்தில் எங்கள் நிரல் தமிழ்ப் பெயர்களைக் கண்டதுண்டமாக்கியது. கொம்பு ஒரு பக்கம் விழும், கால் ஒரு பக்கம் விழும். அவளோ பிடிவாதக்காரி. அம்மாவின் பெயர் முழுசாக வெளியே வரும்வரை எழும்பமாட்டேன் என்று உட்கார்ந்து சரிசெய்துவிட்டு, வார இறுதிக்கு வீட்டுக்குப் போனாள்.

அந்த வார இறுதியில்தான் மலை சரிந்தது.

அவளை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் மற்றவர்கள் பள்ளிக்கூடத்து முகாமில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

காலையில் எங்கள் விரிவுரையாளர் சந்திரகுமார் சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு பெயர் போட்டால் இரண்டு பேரும் வந்து விளக்க வேண்டும், அதுதான் விதி. அவள் பெயரை எடுத்துவிட்டு ஒப்படையைக் கொடு, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றார். அவருக்கே கேட்க வாய் வரவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்.

எனக்கு மட்டும் எப்படி வரும்? கேட்பதைத் தள்ளிப்போடத்தான் நிரலை ஓட்டினேன்.

"ஏதாச்சும் பேர் சொல்லுங்க அங்கிள், நான் அடிக்கிறன்."

"வேலாயி" என்றார்.

நிரோஷாவின் அம்மா. அடித்தேன். வேலாயி: பெயர், என்று திரையில் வந்தது. சேதாரம் இல்லாமல், முழுசாக.

"ரமேஸ்." அவளுடைய தம்பி. பெயர் என்றது.

"இராமகிருஷ்ணன்." பக்கத்து வீட்டு மாமாவாம். அதையும் பெயர் என்றது.

அவர் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆளு இருக்கா இல்லையான்னு சொல்லுமா?"

"இல்ல அங்கிள். அது அடுத்த படி, நாங்க இன்னும் எழுதல்ல. இது பேரா இல்லயாண்டு மட்டும்தான் பாக்கும்."

அவர் தலையாட்டினார். அடுத்த பெயர் அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அக்கம்பக்கத்தைக்கூட விடாமல் சொன்னவர் பெற்ற மகளை மறந்தாரா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நானே அவள் பெயரின் முதல் எழுத்தை அடித்தேன்.

இரண்டு கைகளையும் விரித்து விசைப்பலகையை மூடினார்.

"அவ பேரு வேணாம் புள்ள. முகாம்ல ஒரு ஐயா இப்புடித்தான் மிசின வச்சிக்கிட்டு பேரு கேக்குறாரு. மண்ணுல இருந்து எடுத்தவங்க பேர மட்டும்தான் அதுல போடுவாரு. நான் சொன்ன மூணு பேரும் அதுல இருக்காங்க. அவ பேர இன்னும் எந்த மிசின்லயும் போடல."

அம்மாவும் தம்பியும்கூட இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் கண் மெதுவாகத் திரையின் உச்சிக்கு ஏறியது. எங்கள் நிரல் தொடங்கும்போதே முதல் வரியில் காட்டும்: ஆக்கம், ஸக்கியா, நிரோஷா. எழுத்துக் கூட்டி வாசித்தார். முகம் வெளிறிப்போனது.

"இதுல போட்டிருக்கீங்களே" என்றார். "எடுத்துரு புள்ள. வந்ததும் அவளே போட்டுக்குவா."

காலையிலிருந்து அவரிடம் கேட்க நான் பயந்தது அதைத்தான். அவராகவே கேட்கிறார், எனக்குக் கை எழவில்லை.

அவர் கெஞ்சுகிற மாதிரி என்னைப் பார்த்தார். அழித்தேன். நிரலைத் திரும்ப ஓட்டினேன். என் பெயர் மட்டும் வந்தது.

குனிந்து, நன்றாகத் தேடிப் பார்த்தார்.

"இனிப் பயமில்ல" என்றார்.