படுக்க மறுத்த துரட்டி

"அந்தத் துரட்டியை ரெண்டா அறுத்துட்டா கார் தாராளமா உள்ள வந்துடும்."

வீட்டுக்காரர் போனில் யாரிடமோ சொன்னது, கார் ஷெட்டில் சாய்ந்திருந்த துரட்டியின் காதில் விழுந்தது. முருங்கைக்காய் பறிக்கும் நெட்டைக் கழி அது. நேராக நிற்க முடியாதபடி கூரை இடித்ததால், அது குறுக்கே சாய்ந்து பாதி ஷெட்டை அடைத்திருந்தது.

"இங்க வந்துடு தம்பி," என்றது, சுவரில் இரண்டு கொக்கிகளின் மேல் படுத்திருந்த ஏணி. "என் பக்கத்துல இன்னும் ஓராள் படுக்கலாம்."

"படுக்கிறதா? முருங்கை உச்சியையே தொட்டவன் நான், அக்கா! படுத்தா இந்த மண்வெட்டிகூட மதிக்காது."

"நிக்கிறப்ப மட்டும் மதிச்சேனாக்கும்!" என்றது கீழே கிடந்த மண்வெட்டி. "எப்பப் பாரு, உன் கால் என் மூஞ்சியிலதான்."

ஏணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் மொட்டை மாடிக்கே ஆளை ஏத்துறவ. படுத்ததுல எனக்கு ஒரு படியாவது குறைஞ்சுதா, சொல்லு."

வெளியே ரம்பத்தைத் தேடி எடுக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் ஷெட்டை நெருங்கியது.

துரட்டி ஒருமுறை மண்வெட்டியைப் பார்த்தது. பிறகு தலையை ஒரு கொக்கியில் இறக்கி, காலைத் தூக்கி இன்னொன்றில் போட்டு, ஏணியின் பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டது.