வற்றல் பார்க்கிற கை

செய்யது அலி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி மிளகாய் வற்றலை அள்ளி நெரித்தார். கலகலவென்று சத்தம். கைக்கும் மொறுமொறுப்பாகத் தட்டுப்பட்டது.

"நல்லாக் காஞ்ச சரக்கு, அண்ணாச்சி" என்றார்.

மசால் பொடி மில் வைத்திருக்கும் குருசாமி மறுபேச்சுப் பேசாமல் லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டார். கோவில்பட்டி வற்றல் வியாபாரத்தில் முப்பது வருஷமாக அப்படித்தான். சரக்கு யாருடையதானாலும் செய்யது அலியின் கை சொன்னால் சொன்னதுதான். இன்றைக்குச் சரக்கு அவர் மகள் பௌசியாவின் கடையுடையது. அதனால் என்ன? மகளுக்கு ஒரு சொல், ஊருக்கு ஒரு சொல் என்று அவர் வாயில் வந்ததே கிடையாது.

பாழாய்ப்போன வெயில்! காது கசகசத்தது. போன மாதம் பௌசியா வாங்கிக் கொடுத்த காது மிஷினைக் கழற்றித் துடைத்துவிட்டு, பழக்கத்தில் அதே மூட்டையில் இன்னொரு பிடி நெரித்தார்.

சத்தமே கேட்கவில்லை. மிஷின் இல்லை, கேட்காது, சரி. கைக்கு என்ன வந்தது? விரலுக்குள் வற்றல் நமத்துப்போய்க் கிடந்தது. ஒன்றை எடுத்து மடக்கினார். ஒடியவில்லை, வளைந்தது.

மிஷினை மாட்டிக்கொண்டு அதையே மறுபடி நெரித்தார். கலகலவென்றது. கையும் உடனே காய்ந்த சரக்கு என்றது. அட அநியாயமே! காது சொன்னதைத்தான் கை நம்பியிருக்கிறது.

சரக்குப் பார்க்கிற நாளெல்லாம் காலையில் பௌசியா தன் போனை வைத்து மிஷினில் சத்தத்தை என்னமோ கூட்டுவாள். வாப்பாவுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்கிற பாசம் என்று இவர் பூரித்துப்போவார். அவள் கூட்டியது இந்தக் கலகலப்பைத்தானா?

நிமிர்ந்து பார்த்தார். கல்லாவில் இருந்த பௌசியா இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் பட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டால் மகள் பிழைப்பாள். திறந்தால் அவள் கடை இன்றோடு சரி.

"ஏத்தாதீங்க அண்ணாச்சி. எடைக்காகத் தண்ணி தெளிச்ச சரக்கு. நான் ஏமாந்துட்டேன்."

குருசாமி கையைக் காட்டி மூட்டை ஏற்றுவதை நிறுத்தினார்.

"போன லோடும் ஈரந்தான் பாய். பாதி பூஞ்சணம் புடிச்சுப் போச்சு. மகளுக்காகத் தெரிஞ்சேதான் சொல்லுதீங்கன்னு நெனச்சு, பழகின பழக்கத்துக்கு நான் வாயைத் தொறக்கல."