ஒரே ஒரு ஸ்டார்

“என்ன வளவன் இது, கொத்துபரோட்டா மாதிரி? பேரு, கூப்பன் நம்பர் ரெண்டையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டு ஒரே கட்டத்துல திணிச்சு வெச்சிருக்கு!”

சும்மா ஒரு மாதிரிப் பெயர் போட்டிருந்த ஒத்திகைத் திரையைப் பார்த்து ஜவுளிக்கடை முதலாளி தங்கையன் முகம் சுளித்தார். மலைக்கோட்டை அடிவாரத்தில் இருந்த அந்தக் கடையின் முன்னால் தீபாவளிக் கூட்டம் முண்டியடித்தது. ஸ்கூட்டர் குலுக்கலுக்கு இன்னும் பத்து நிமிடம்தான்.

கடையின் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பான வளவன் அலட்டிக்கொள்ளவில்லை. கூப்பன்களில் ஒன்றைப் பொறுக்கியெடுக்கும் ‘ஃபங்ஷன்’ என்கிற புரோகிராம் துண்டை எழுதியதே அவன்தான்.

“புரோகிராம்ல ஒரே ஒரு ஸ்டார் குறி (*) போட்டா தனித்தனிக் கட்டமா பிரிஞ்சிடும் முதலாளி. பேரு பெரிசாத் தெரியும்.”

“வேண்டாம் சார்” என்றாள் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பானுப்ரியா. “அப்படிப் போட்டா ஒவ்வொரு கட்டத்துக்கும் ஃபங்ஷன் தனித்தனியா ஓடும். ஒரே தடவை ஓட்டி, வந்த ரிசல்ட்டைத்தான் பிரிக்கணும். ரெண்டு வரி சேர்த்தா போதும்.”

“ஓடினா ஓடட்டுமே, உனக்கா கால் வலிக்குது? பன்னிரண்டு வருஷமா இதுல குப்பை கொட்டுறேன். எனக்கே பாடமா?”

முதலாளி சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் வேறென்ன செய்வார்கள்! வளவன் ஸ்டாரைப் போட்டுவிட்டு, ராக்கெட் விட்டவன் போலக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

நேரம் வந்தது. கடை வாசலில் போட்டிருந்த மேடையில் தங்கையன் பொத்தானை அமுக்கினார். திரையில் பளிச்சென்று இரண்டு கட்டங்கள். பெயர்: ரஞ்சித். கூப்பன் எண்: 4172.

“நான்தான் ரஞ்சித்!” ஸ்ரீரங்கத்து இளைஞன் ஒருவன் மேடையில் தாவி ஏறினான். ஆனால் அவன் கூப்பனில் 2305 என்று இருந்தது. “பேரு முதல் ஓட்டத்துல வந்தது, நம்பர் ரெண்டாவது ஓட்டத்துல வந்தது” என்று முணுமுணுத்தாள் பானுப்ரியா.

“4172 எங்கிட்ட இருக்குங்க” என்று தயங்கித் தயங்கி வந்தாள், உப்பிலியபுரத்தில் வெங்காயம் பயிரிடும் மயிலம்மாள்.

தங்கையன் இரண்டு கூப்பனையும் வாங்கிப் பார்த்தார். “பேரு என்னவா வேணா இருக்கட்டும். கூப்பன் நம்பர்தான் செல்லும்னு பின்பக்கமே அச்சடிச்சிருக்கோம். ஸ்கூட்டர் இந்த அம்மாவுக்குத்தான்!”

கைதட்டல் வானைப் பிளந்தது. வளவன் முகத்தில் ஈயாடவில்லை. ரஞ்சித் நேரே அவனிடம் போய், பக்கத்தில் மைக் ஓடிக்கொண்டிருந்ததைக்கூடக் கவனிக்காமல் கத்தினான்.

“என்ன மாமா இது! முதல் தடவை ஓடுறப்ப என் கூப்பன்தான் விழுற மாதிரி எழுதி வெச்சிட்டேன்னு அக்காகிட்ட சத்தியம் பண்ணினீங்களே!”