காட்டுவதற்கு ஒரு தாய்

“குட்டிங்களோட அம்மாவைப் பாக்கணும்” என்றாள் வந்தவள், உட்காரச் சொல்வதற்கு முன்பே.

தையல்காரி சிரித்த முகத்தோடு ஜன்னலோரம் கையைக் காட்டினாள். அங்கே கம்பளத்தில் மைனா என்ற நாய் படுத்திருந்தது. பொன்னிற முடி, சாதுவான கண்கள். பக்கத்துக் கூடையில் அதே நிறத்தில் நாலு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து தூங்கின.

வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் உருகிப்போவார்கள். இதற்கு மேல் யாரும் கேள்வி கேட்டதில்லை. இவள் உருகவில்லை. மடியில் தடித்த நோட்டு. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகியிருந்தாள். அதைப் பார்த்ததுமே யாரோ அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறாள் என்று தையல்காரி முடிவுகட்டிவிட்டாள்.

“எத்தனை நாள் குட்டி?”

“அம்பது நாள், மேடம்.”

“இது எத்தனாவது ஈத்து?”

“ரெண்டாவது.”

எல்லாம் தம்பி சொல்லிக்கொடுத்த பாடம். கணவன் கைவிட்டுப் போன பிறகு இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். தையல் மெஷினை உள்ளறைக்குத் தள்ளிவிட்டுக் கூடத்தில் சோபாவும் கம்பளமும் போட்டவனும் அவன்தான். “நீ ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை பேசினா போதும்” என்றிருந்தான்.

வந்தவள் ஒரு குட்டியைத் தூக்கி மைனாவின் வயிற்றருகே விட்டாள். குட்டி முகர்ந்து பார்த்தது. மைனா எழுந்து, வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோபாவின் மறுபக்கம் போய்ச் சுருண்டுகொண்டது.

“பால் மறக்கடிச்சாச்சு. அதான் கிட்ட விட மாட்டேங்குது” என்றாள் தையல்காரி. கூடவே மேஜையிலிருந்த சான்றிதழை எடுத்து நீட்டினாள். “நாய்ப் பதிவுச் சங்கத்துல குடுத்தது, மேடம். எனக்கு எங்க தாத்தா பேரே சரியா தெரியாது. இதுங்களுக்குக் கொள்ளுத்தாத்தா வரைக்கும் எழுதியிருக்கு.”

இந்த வேடிக்கைக்கு எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு சான்றிதழை வாங்கி எழுத்தெழுத்தாகப் படிப்பார்கள். இவள் சிரிக்கவுமில்லை, படிக்கவுமில்லை. அதை அப்படியே நோட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, மைனாவின் அருகே குனிந்து, அடிவயிற்று முடியை விரலால் விலக்கினாள்.

“இது கருத்தடை பண்ணின தழும்பு மாதிரி இருக்கே.”

இதற்குத் தம்பி பாடம் சொல்லித் தரவில்லை.

போன மாதம் வந்த ஒரு போன் அவள் நினைவுக்கு வந்தது. வாங்கிப்போன நாலாம் நாளே குட்டி செத்துவிட்டது என்றார் ஒருவர். சண்டை போடுவார் என்று அவள் எதிர்பார்த்திருக்க, அவர் தயங்கித் தயங்கி, “அதோட அம்மா நல்லாருக்கான்னு எம்பொண்ணு கேக்கச் சொன்னா” என்றார். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

“சொல்லுங்க” என்றாள் வந்தவள்.

“இது அம்மா இல்ல, மேடம்.”

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வாய் திறந்த பிறகு நிறுத்த முடியவில்லை.

“குட்டிங்க வண்டியில வருது. ஊருக்கு வெளிய பழைய கோழிப்பண்ணை ஒண்ணு இருக்கு. அங்க ஒரு தடவை போயிருக்கேன். முப்பது கூண்டுக்குக் குறையாது. அடியிலயும் கம்பிதான். அந்தத் தாய் நாய்ங்க பாதம் மண்ணுல பட்டிருக்காது. ஒரு ஈத்து முடிஞ்சா அடுத்தது, அது முடிஞ்சா அடுத்தது. முடியாம போனா என்ன பண்ணுவாங்கன்னு நான் கேக்கல.”

“எந்தப் பக்கம் அந்தப் பண்ணை?”

அவள் வழி சொன்னாள். வந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“இல்ல, மேடம். உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். எந்தம்பிமேல கேஸ் வந்தாலும் பரவால்ல. என்னை உள்ள வெச்சாலும் பரவால்ல. அந்த நாய்ங்களை மட்டும் வெளிய எடுத்துடுங்க.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பல மாதங்களாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கினாற்போல் இருந்தது. இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று ஒரு தைரியம்கூட வந்தது.

“அந்தச் சான்றிதழையும் எடுத்துட்டுப் போங்க, மேடம். எங்கயோ போலியா அச்சடிச்சதுதான். சாட்சிக்கு ஆகும்.”

வந்தவள் நோட்டை மூடினாள்.

“போலி இல்லம்மா. அதுல இருக்கறது என் கையெழுத்துதான்.”

சங்கத்துக்காரர்களையும் தம்பி ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்துத் தையல்காரிக்கு உடம்பு கூசியது. அவன் சார்பில் மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுப்பதற்குள், வந்தவள் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

“உங்கக்கா அரை மணி நேரம்கூடத் தாங்கல. வேற வீடு பாருப்பா.”