மறைந்த நடிகை

காட்டுத் தொலைக்காட்சித் தொடரில் மைனாதான் நாயகி. தொடர் முடிந்ததும், ‘நடிகை மைனா சின்னத்திரையிலிருந்து மறைந்தார்’ என்று காகம் தன் பத்திரிகையில் எழுதியது. அதைப் படித்த ஆமை, இணையக் கலைக்களஞ்சியத்தில் மைனாவின் பக்கத்தை மேம்படுத்தியது. பெயருக்கு முன்னால் ‘மறைந்த’ என்று சேர்த்தது. அதன் பிறகு யாரும் மைனாவை நடிக்கக் கூப்பிடவில்லை.

மைனா பதறிக்கொண்டு வந்தது. “ஆமையண்ணே, நான் உயிரோடதானே இருக்கேன்! அந்த வார்த்தையை எடுத்துடுங்க.”

“எடுத்துடலாம் தங்கச்சி. ஆதாரம் வேணுமே?”

“நானே எதிர்ல நிக்கிறேனே!”

“தன்னைப் பத்தித் தானே சொல்றது செல்லாதும்மா. பத்திரிகையில வரட்டும்.”

மைனா காகத்திடம் பறந்தது.

“உயிரோட இருக்கிறதெல்லாம் ஒரு செய்தியா?” என்று காகம் கொட்டாவி விட்டது. மைனா அழுததும் மனமிரங்கியது. கலைக்களஞ்சியத்தைப் பார்த்து விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டு எழுதியது.

மறுநாள் கொட்டை எழுத்தில் செய்தி வந்தது: ‘மறைந்த நடிகை மைனா கண்ணீர்ப் பேட்டி!’

ஆமை அதை நிதானமாகப் படித்தது. கலைக்களஞ்சியத்தில் ‘மறைந்த’ என்ற சொல்லின் பக்கத்தில் அந்தச் செய்தியையும் ஆதாரமாகக் குறித்தது.

“கவலையை விடு தங்கச்சி, இப்ப ரெண்டு ஆதாரம் இருக்கு. இனிமே உன் பக்கத்துல யாரும் கைவைக்க முடியாது.”