பாட்டி மேல் ஏறிய வண்டி

“நிறுத்துடா. பாட்டி மேலயே வண்டிய ஏத்துறியே, நீயெல்லாம் மனுஷனா?”

அமெரிக்காவின் வையோமிங் புல்வெளியே அதிரும்படி கத்தினாள் வெர்னா. நூற்றெழுபது வருடங்களுக்கு முன் மாட்டுவண்டியில் மேற்கே குடியேற வந்து, பாதி வழியில் செத்துப்போன முப்பாட்டி எல்சினாவின் புதைகுழியை அக்காவும் தம்பியும் அலைந்து திரிந்து போன வாரம்தான் கண்டுபிடித்திருந்தார்கள்.

தம்பி ஆரின், டிரக்கைப் பின்னுக்கு எடுத்து, மறுபடியும் குழியின் மேல் ஏற்றினான்.

“அன்னைக்குப் பொதைச்ச கையோட, அவ புருஷனே மேல வண்டிகளை ஓட்டினாருக்கா. மேடு தெரிஞ்சா ஓநாய் தோண்டிடும்னு.”

“இப்ப ஏதுடா ஓநாய்?”

“நேத்து இந்த இடத்தை இன்டர்நெட்ல ஊருக்கே காட்டினியே. காலையில ரெண்டு பேர் கடப்பாரையோட நின்னானுங்க. நகை தேடுறானுங்களாம்.”

வெர்னா டிரக் கதவைத் திறந்தாள்.

“எறங்கு. அந்த ஓரத்துல இன்னும் மேடு தெரியுது. நான் ஓட்டுறேன்.”