கொட்டச் சொன்ன பால்

“மடிநோய் வந்த மாடு ஊசி போடாம சரியாவுமா? யாருகிட்ட கதை வுடற?”

பால் சொசைட்டி செயலாளர் குழந்தைவேலின் குரல் பாகூர் ஏரிக்கரை வரை கேட்டது. ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாள் வாங்கக் கூடாது என்பது சொசைட்டி விதி.

“எம்மாட்டுக்கு ஊசியே போடலீங்க,” என்றாள் பால் ஊற்ற வந்த ரோஸ்லின். “சோத்துக் கத்தாழையும் மஞ்சளும் அரைச்சி, துளி சுண்ணாம்பு கலந்து பூசுனேன்.”

“மஞ்சள நானுந்தான் எம்மாட்டுக்குப் பூசுனேன். இன்னா ஆச்சி? ஊசி போட்டப்புறந்தான் வீக்கம் வடிஞ்சிது.”

“வெறும் மஞ்சளுக்குக் கேக்காதுங்க. சேத்து அரைச்சாதான் கேக்கும்.”

“அதையும் பாத்துடலாம்.”

அவள் சைக்கிளில் தொங்கிய இரண்டு கேன்களில் ஒன்றை அவரே அவிழ்த்தார்.

“ஐயா, அது...”

“பேசாத!”

பாலில் சோதனை அட்டையை நனைத்தார். பத்து நிமிடத்தில் முடிவு தெரிந்தது. ஊசி மருந்து கலந்த பால்.

“பாத்தீங்களாபா! கத்தாழையாம், மஞ்சளாம்! கொண்டும்போய் சாக்கடையில ஊத்துடி!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரோஸ்லின் நிமிர்ந்து நின்றாள்.

“மருந்து கலந்திருந்தா யாரு பாலா இருந்தாலும் ஊத்திடணுமா?”

“யாரு பாலா இருந்தாலும்!”

ஒரு சொட்டு விடாமல் ஊற்றினாள். காலிக் கேனை அவர் மேசைமேல் ‘ணங்’கென்று வைத்தாள்.

“தெனம் கறக்கறாப்பல இன்னிக்கும் உங்க வூட்டு மாட்டுல நான் கறந்த பாலு இது. உங்க வூட்டம்மாதான் குடுத்தனுப்புனாங்க. எம்பாலு இன்னும் சைக்கிள்லதான் தொங்குது. இப்ப அதுல வையுங்க அட்டைய!”